சூடானால் வராது

பழைய பிரஷ் கட்டர் ஒன்றை, சூடானால் ஸ்டார்ட் ஆகாது என்று தெரிந்தே ஒருத்தருக்கு விற்றேன். வாங்கியவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பத் திரும்பக் கடைக்கு வந்தார். வந்தபோதெல்லாம் குறையை அவர் தலையிலேயே கட்டி, கூடவே ஏதாவது ஒரு பார்ட்டையும் விற்று அனுப்பினேன். மெக்கானிக் தொழிலில் இதற்கெல்லாம் யாரும் வாக்குமூலம் கேட்பதில்லை. கேஸ் ஆகிற சமாசாரமும் இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

என் கடை படவேட்டில் இருக்கிறது. வேலூரிலிருந்து போளூர் போகிற ரோட்டில் சந்தவாசலில் திரும்பி உள்ளே வந்தால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். ரேணுகாம்பாள் கோயிலால் ஆடி மாசம் முழுக்க ஜனம். மற்ற மாசங்களில் வாழை. சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர் என்று படித்தவர்கள் வந்து சொல்வார்கள். எங்களுக்கு அது தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே நிற்கிற பழைய கோயில்கள், அவ்வளவுதான். வாழை இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீர் இருந்தால் களை இருக்கும். ஐப்பசி மழைக்கு அப்புறம் வாய்க்கால் ஓரமெல்லாம் கோரையும் பார்த்தீனியமும் இடுப்புக்கு வந்துவிடும். களை வெட்ட ஆள் கிடைப்பது குறையக் குறைய பிரஷ் கட்டர் பெருகியது.

தோளில் மாட்டிக்கொண்டு, நுனியில் சுழல்கிற பிளேடாலோ நைலான் நரம்பாலோ புல்லை வெட்டுகிற மெஷின் அது. நரம்பால் வெட்டுகிற யோசனை 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவருக்கு வந்தது. கார் கழுவுகிற இடத்தில் சுழல்கிற பிரஷ்களைப் பார்த்துவிட்டு, தகர டப்பா ஒன்றில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பைச் செருகிப் புல்லை வெட்டிப் பார்த்தார். மரப்பட்டையில் காயம் படக்கூடாது என்பது அவர் கவலை. அவர் வாழைத்தோப்பைப் பார்த்திருக்க மாட்டார். இங்கே காய்ந்த பட்டையின் நார் நுனித்தலையில் சுற்றிச் சுற்றி இறுகி, கியர் பாக்ஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். கத்தியை விட்டு அந்த நாரை அறுத்து எடுப்பதே என் கடையில் பாதி வேலை.

நான் தொழில் பழகியது டிவிஎஸ் 50-ல். 1980-ல் வந்த வண்டி. எங்கள் பக்கம் பால் கேனும் புல்லுக்கட்டும் வாழைத்தாரும் அதில்தான் போயின. டூ ஸ்ட்ரோக் இன்ஜினைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்த பிறகு அந்தப் பேரால் பெரிய பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. அப்புறம் பிரஷ் கட்டரும் பவர் ஸ்பிரேயரும் வந்தன. அதே டூ ஸ்ட்ரோக். ரிப்பேருக்கு வந்தவற்றைப் பார்த்தேன். பிறகு உரிமையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப் போனவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சரி செய்து விற்கவும் ஆரம்பித்தேன்.

நான் சொல்கிற மெஷின் கடைக்கு வந்தபோது கயிறே இழுபடவில்லை. மலையோரத்து விவசாயி ஒருவருடையது. பைக் டேங்கிலிருந்து டியூப் விட்டு வெறும் பெட்ரோலை இறக்கி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் மெஷினில் தனியாக ஆயில் ஊற்றுகிற இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் உள்ளே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. லிட்டருக்கு 20 மில்லி கேட்கிற மெஷினும் உண்டு, 40 மில்லி கேட்கிற மெஷினும் உண்டு. ஒன்றுமே ஊற்றாமல் முழு ரேஸில் ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து பிளாக்கோடு ஒட்டிக்கொள்ளும். சைலன்சரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தது. ரிங் காடிக்குள் நசுங்கி ஒட்டிக் கிடந்தது. பிளாக்கைக் கழற்றினால் உள்சுவரிலும் அலுமினியம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

இதற்கு வைத்தியம் ஒன்றுதான். பிளாக், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். இந்தச் சின்ன இன்ஜின்களின் பிளாக் அலுமினியம். உள்சுவரில் மெல்லிய குரோம் பூச்சு. பழைய இரும்பு சிலிண்டர் மாதிரி லேத்துக்குக் கொடுத்து ரீபோர் போட முடியாது. பூச்சு போனால் போனதுதான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புது செட் வாங்கிப் போட்டால் அந்த மெஷினில் எனக்கு ஒன்றும் நிற்காது. எமரி பேப்பரால் சுவரில் அப்பியிருந்ததைத் தேய்த்தெடுத்தேன். பிஸ்டனின் கீறலையும் தேய்த்தேன். புது ரிங் மட்டும் போட்டேன். ஓட ஓட ரிங் உட்கார்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரும்பு சிலிண்டர் காலத்துப் பேச்சு அது. தேவைப்படுகிற நேரத்தில் பழைய அறிவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

மாட்டி முடித்ததும் அருமையாக ஸ்டார்ட் ஆயிற்று. அரை மணி நேரம் போல ரேஸ் கொடுத்து ஓட்டினேன். அணைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து கயிற்றை இழுத்தேன். கையில் எதிர்ப்பே இல்லை. ஆரோக்கியமான இன்ஜினில் கயிற்றை இழுக்கும்போது நடுவில் ஓர் இடத்தில் முட்டும், அதைத் தாண்டிப் போகும். இது முட்டவில்லை, சறுக்கியது. சூட்டில் ஆயில் படலம் மெலிந்து, ரிங்குக்கும் கீறல் விழுந்த சுவருக்கும் நடுவே காற்று நழுவிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறிப்போன பிறகு இழுத்தேன். உடனே வந்தது. ஆக, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

மெஷின் கடையில் ஓரமாகக் கிடந்தது. பணம் போட்ட சாமான் கடையில் கிடந்தால் கண்ணை உறுத்தும்.

வாங்க வந்தவர் ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர். என்னைவிட வயதில் சின்னவர், முதல் நாளே அண்ணா என்றுதான் கூப்பிட்டார். புவிசார் குறியீடு வாங்கிய சேலை ஆரணிப் பட்டு. அதை நெய்கிறவருக்கு முதலாளியிடமிருந்து அடுத்த பாவு எப்போது வரும் என்று நிச்சயமில்லை. பாவு வராத நாட்களில் சும்மா உட்கார முடியாது. மச்சான் ஒருத்தர் படவேட்டில் தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறார். சொந்தமாக மெஷின் இருந்தால் மணிக்கணக்குக் கூலிக்கு வெட்டலாம், ஆடி வந்தால் கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்துகிற காலி மனைகளைச் சுத்தம் பண்ணுகிற வேலையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். புதுசு வாங்கப் பணம் இல்லை. நாளைக் காலையில் பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் சீக்கிரமே கடையைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றினேன். அந்த ஓட்டை வழியாக 2டி ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், கயிற்றை மெல்ல இழுத்து உள்ளே பரவவிட்டேன், பிளக்கை மாட்டினேன். ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு இப்படிச் செய்தால் ஆயில் இடுக்கை அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்துக்குக் கம்ப்ரஷன் கூடும். கோளாறு ரிங்கில்தானா என்று கண்டுபிடிப்பதற்காக மெக்கானிக்குகள் செய்கிற சோதனை இது. கோளாறை மறைப்பதற்கு நான் செய்தேன். ஐடிலையும் ஸ்குருவில் கொஞ்சம் தூக்கி வைத்தேன், நிற்கவிட்டால் அணைந்து போகாமல் இருக்க. கடைப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்குண்ணா ஆயிலு?" என்றான். "ரொம்ப நாள் ஓடாம கிடந்ததுல்ல" என்றேன்.

நெசவாளர் வந்தார். நான் சோக் போட்டு, பம்ப் குமிழை அமுக்கி, கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை பொத்துக்கொண்டு வந்தது. புகை வருகிறதே என்றார். "ஆயில் கலந்த பெட்ரோல், அப்படித்தான் வரும், அதான் இன்ஜினுக்கு நல்லது" என்றேன். 4,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நோட்டெல்லாம் மடித்து மடித்து வைத்திருந்த நோட்டு.

ஒரு வாரம் கழியவில்லை, வந்துவிட்டார். காலையில் நன்றாக வருகிறது, டீ குடிக்க நிறுத்தினால் திரும்ப வரமாட்டேன் என்கிறது என்றார். கோளாறை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. தறியில் உட்கார்ந்தவருக்கு எது எப்போது தப்பியது என்று பார்த்து வைக்கிற பழக்கம் இருக்கும்போல. ஆனால் சூடானால் வராத இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் நழுவுவது ஒன்றுதானா காரணம்? இக்னிஷன் காயில் சூட்டில் உள்ளுக்குள் விட்டுப்போய், ஆறினால் சேர்ந்துகொள்ளும். டேங்க் மூடியில் காற்று போகிற துவாரம் அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து மூடினால் ஓடும். சூடான இன்ஜினுக்குச் சோக் போட்டு இழுத்தால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்துபோகும். கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்துப் போயிருக்கலாம். சைலன்சர் வலையில் கரி அடைத்திருக்கலாம். இத்தனை காரணம் இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று. உண்மையான ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். கருப்பாக, ஈரமாக இருந்தது. கம்ப்ரஷன் இல்லாத இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாது, பிளக் அப்படித்தான் ஆகும். "ஆயிலை அதிகமா ஊத்துறீங்க, பாருங்க" என்றேன். புதுப் பிளக்குக்குக் காசு வாங்கினேன். போகும்போது, "நான் மூடியால அளந்துதான் ஊத்துறேண்ணா" என்றார். "மூடியில அளக்கக்கூடாது" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

அடுத்த தடவை அவர் கேனைக் கொண்டுவரச் சொன்னேன். இங்கேதான் நான் ரொம்பவும் நல்லவனாக இருந்தேன். இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023-ல் ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவியாயிற்று. தினமும் ஓடுகிற பைக்குக்கு அது ஒரு மாதிரி. வாரக்கணக்கில் கேனில் கிடக்கிற பெட்ரோலுக்கு வேறு மாதிரி. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத கேனில் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பிரஷ் கட்டர் டேங்கில் பெட்ரோலை உறிஞ்சுகிற ஃபில்டர் கனமாக, குழாய் நுனியில் தொங்கிக்கொண்டு, எப்போதும் அடியில்தான் கிடக்கும். அதாவது முதலில் உள்ளே போவது அந்தத் தண்ணீர்ச் சங்கதி. ஆயில் மேலே இருக்கிற பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. பழைய ரப்பர் குழாயும் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி விறைக்கும், வெடிக்கும்.

இதையெல்லாம் பாட்டிலில் ஊற்றிக் காட்டியே விளக்கினேன். அவர் கேனிலிருந்த பெட்ரோல் நிஜமாகவே பழசு, அடியில் கோடு பிரிந்தும் இருந்தது. ஒரு வார்த்தை பொய் இல்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன்: ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து வையுங்கள், வேலை முடிந்தால் டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் தீரும்வரை ஓட்டி அணையுங்கள். ஆனால் அவர் மெஷினுக்கு அது வியாதி இல்லை. வியாதி எனக்குத் தெரியும். ஃபில்டரையும் பம்ப் குமிழையும் மாற்றினேன், காசு வாங்கினேன். "இவ்வளவு விஷயம் இருக்குதா இதுல" என்று கும்பிடாத குறையாகப் போனார்.

பிறகு கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட். பிறகு காயில் இடைவெளி. மேக்னெட்டுக்கும் காயிலுக்கும் நடுவே விசிட்டிங் கார்டை வைத்து அட்ஜஸ்ட் செய்வதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊடை ஓர் இழை தப்பினால்கூட முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், கூலியில் பிடிப்பார் என்றார். ஓர் இழை தெரியுமா என்று கேட்டேன். "சேலையில ஒளிக்க இடமில்லைண்ணா" என்று சிரித்தார். நான் காயிலின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. அவரும் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. போல்ட்டை இறுக்கிவிட்டு, "இப்ப பாருங்க" என்று ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்திருக்கிறேன். பணம் என்று சொல்லிவிட்டால் சுலபம். பணம் கொஞ்சம்தான். முதல் தடவை வந்தபோதே சொல்லியிருந்தால் நஷ்டம் சின்னது. அதற்கப்புறம் ஒவ்வொரு பார்ட்டாக விற்ற பிறகு, உண்மையைச் சொன்னால் அந்தப் பிளக், அந்த ஃபில்டர், அந்தப் பாட்டில் விளக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நாள் போகப் போக உண்மையின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. இன்னொன்றும் உண்டு, அதுதான் அசிங்கமானது. அவர் என்னை நம்பி, நான் சொன்னதைக் கேட்டு, தன் கைமேலேயே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. டூ ஸ்ட்ரோக் தெரிந்தவன் என்ற பேரை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

நடுவில் பையன் ஒரு வேலை செய்தான். விற்பதற்கு வைத்திருந்த வேறொரு மெஷினைப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும், நான் சொல்லாமலே பிளக்கைக் கழற்றி ஆயிலை விட்டான். அந்த மெஷினுக்கு அது தேவையே இல்லை, நல்ல கம்ப்ரஷன். பிடித்துத் திட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் துணியால் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். திட்டு வாங்கியதில் அவனுக்கு ஆச்சரியம்தான் இருந்ததே தவிர வருத்தம் இல்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள், செண்பகத்தோப்பு அணைப் பக்கம் ஒரு தோப்புக்கு மோட்டார் பார்க்கப் போனேன். தூரத்திலேயே அந்த மெஷின் சத்தம் கேட்டது. என் கையால் தூக்கி வைத்த ஐடில், தப்பாது. வரப்பில் நின்று பார்த்தேன். அவர்தான். வெட்டிக்கொண்டிருக்கவில்லை. மெஷினைப் பக்கவாட்டில் தரையில் படுக்க வைத்து, டேங்க் மூடியைத் திறந்து, கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பிரஷ் கட்டரில் டேங்குக்கும் சைலன்சருக்கும் ஒரு ஜாண்கூட இருக்காது. ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினின் சைலன்சரில் பெட்ரோல் சிந்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் காய்ந்த வாழைச் சருகு. இதற்கு மேல் இன்னொன்று. ஐடில் சரியாக இருந்தால், ரேஸை விட்டவுடன் கிளட்ச் விட்டுவிடும், நுனித்தலை நின்றுவிடும். நான் ஐடிலைத் தூக்கி வைத்ததால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும், அந்தப் பக்கம் பிளேடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கால் மடித்து உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பிளேடுக்கும் நடுவே மெஷினின் தண்டு நீளம் மட்டும்தான்.

ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அவருக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். அப்புறம் ஸ்விட்சைப் பார்த்து முகம் மாறியது.

"ஐயோ, ஏண்ணா ஆஃப் பண்ணீங்க? இனிமே சாயந்திரம்தாண்ணா வரும்."

"ஓடும்போது பெட்ரோல் ஊத்தலாமா?" என்று சத்தம் போட்டேன்.

"ஆஃப் பண்ணாதான் வர மாட்டேங்குதே. காலைல ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டா வேலை முடியிற வரைக்கும் அணைக்கிறதில்ல. சாப்புடும்போதுகூட ஓடட்டும்னு வுட்டுட்டுத்தான் சாப்புடறேன்." பிறகு, நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரிதாண்ணா பெட்ரோல் கலக்குறேன். என் கைராசி அப்படி" என்றார்.

கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்தேன். நான் ரிங் போட்ட அன்று இருந்ததைவிட மோசம். சும்மா வந்தது. அவர் இழுக்கிற விதத்தையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். தோளிலிருந்து இழுக்காமல், மணிக்கட்டில் வெட்டி இழுத்தார், குழித்தறியில் நாடாவை விடுவதற்குக் கயிற்றைச் சுண்டுகிற மாதிரி. உள்ளங்கையில் தடிப்பு. வராத இன்ஜினை எத்தனை காலை, எத்தனை மதியம் இப்படி இழுத்திருப்பார்.

மெஷினை வண்டியில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்தேன். புது பிளாக் பிஸ்டன் செட் வரவழைத்தேன். பழைய பிளாக்கைக் கழற்றியதும் எமரி தேய்த்த இடத்தில் பூச்சு முழுக்க உரிந்து அலுமினியம் தெரிந்தது. கேஸ்கெட்டையும் மாற்றி, ஐடிலை இறக்கி, நுனித்தலை நிற்கிறதா என்று பார்த்து, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, டீக்கடைக்குப் போய்விட்டு வந்து இழுத்தேன். முட்டியது, தாண்டியது, பிடித்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பழைய மெஷின் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் இந்தச் சோதனையைத்தான் கேட்க வேண்டும்: நீங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள், தொட்டுப் பார்த்து ஆறியிருக்கிறதா என்று பாருங்கள், பிளக்கைக் கழற்றச் சொல்லி ஆயில் ஈரம் இருக்கிறதா பாருங்கள், சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள், அப்புறம் அரை மணி நேரம் ஓட்டி அணைத்து, பொறுத்திருந்து, நீங்களே இழுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். அன்றைக்கு என் கடையில் வாங்கியிருக்கக்கூடாது.

அவர் எடுக்க வந்தபோது எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். "வேற மெஷின்லேருந்து ஒரு நல்ல பிளாக் கெடைச்சுது, சும்மாதான் கெடந்துது, போட்டேன்" என்றேன். அதுவும் பொய். புது செட், அட்டைப்பெட்டி மேசைக்கடியில் கிடந்தது. என்ன கோளாறு என்று கேட்டார். "உள்ள தேய்மானம்" என்றேன். யாருடைய தேய்மானம், எப்போது நடந்தது, யாருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது வீட்டிலிருந்து முறுக்கு கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஆரணிப் பக்கமிருந்து எனக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காசு வாங்காமல் பிளாக் மாத்திக் கொடுத்த அண்ணன் என்று சொல்லி அனுப்புகிறாராம். பையன் அதைக் கேட்டுக்கொண்டே பெஞ்சில் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருப்பான்.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. அந்த விஷயத்தில் எனக்குக் கடன் இல்லை என்று சில நாள் நினைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. பிளக், ஃபில்டர், பம்ப் குமிழ், டயாஃப்ரம் கிட், வந்தபோதெல்லாம் வாங்கிய கூலி, எல்லாம் கடை நோட்டில் என் கையெழுத்தில் அவர் ஊர்ப் பெயரோடு இருக்கிறது. அவருக்கு வேண்டாத சாமான்கள். கூட்டிப் பார்த்தேன், பெரிய தொகை இல்லை, ஒரு நாள் வருமானத்தில் கொடுத்துவிடலாம். இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்.